சாவிக்கொத்து

18 ஜூலை 2025, வெள்ளி, இரவு 11.40

வேலையை விட்டுவிட்டேன். சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக் கல்மேசையில் உட்கார்ந்து கைப்பேசியில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஏன் வீட்டுக்குள் போகவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்று ஆண்டு நான்கு மாதமாக பிடோக் பக்கம் ஒரு கொண்டோமினியத்துக்கு, அதாவது தனியார் அடுக்குமாடி வளாகத்துக்கு, நான் மேலாளர். 214 வீடுகள், ஆறு மின்தூக்கிகள், ஒரு நீச்சல் குளம், நள்ளிரவிலும் உறங்காத ஒரு வாட்ஸ்அப் குழு. குளியலறைக் கூரை சொட்டினால் கீழ்வீட்டுக்காரர் என்னைத் திட்டுவார். கசிவு மேல்வீட்டிலிருந்து வருவதாகத்தான் சட்டமே முதலில் எடுத்துக்கொள்ளும் என்று விளக்கினால் மேல்வீட்டுக்காரர் திட்டுவார். எல்லாம் பழகிப்போனது. மின்தூக்கியில் அசிங்கம் செய்த நாய் எது என்று மூன்று வாரம் நடந்த விசாரணைகூடப் பழகிப்போனது.

இன்று வருடாந்தரப் பொதுக்கூட்டம். ஏழரைக்கு அழைப்பு. வீட்டு உரிமையாளர்களின் மொத்தப் பங்கு மதிப்பில் 30 விழுக்காட்டுக்கு உரியவர்களாவது வந்தால்தான் தொடங்கலாம். வராவிட்டால் அரை மணி நேரம் பொறுத்திருந்து, வந்தவர்களை வைத்தே நடத்திவிடலாம். எங்கள் இடத்தில் அந்த அரை மணி நேரம் தவறியதே இல்லை. அதற்குள் கறிபஃப் தட்டு காலியாகிவிடும்.

விவகாரம் பம்பைப் பற்றியது. இம்மாதம் 6ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு நின்றுபோனது. மாற்றுப் பம்பு மார்ச்சிலேயே செத்துவிட்டது. மேல்மாடிகளில் ஒன்பது மணி நேரம் தண்ணீர் இல்லை. இரண்டையும் மாற்றவேண்டும் என்று ஜனவரியில், மார்ச்சில், மே மாதத்தில் என மூன்று முறை நிர்வாக மன்றத்துக்கு எழுதியிருக்கிறேன். மூன்று முறையும் தலைவர் சொன்ன பதில் ஒன்றுதான்: காவலர் செலவு ஏறிவிட்டது, பம்பு அடுத்த ஆண்டு. அதே தலைவர் இன்று ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, அறுபது பேர் முன்னால், "மேலாளர் இதை எங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இல்லை" என்றார்.

மூன்று கடிதங்களின் நகலும் என் கோப்பில் இருந்தன. எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. எழுந்தேன், சாவிக்கொத்தை மேசைமீது எறிந்தேன். பம்பு அறை, ஜெனரேட்டர் அறை, குப்பை அறை, மின்தூக்கி மோட்டார் அறை என நாற்பதுக்கு மேல் சாவிகள். கிட்டத்தட்ட ஒரு தேங்காய்க் கனம். தண்ணீர்க் கூஜாவில் பட்டு, கூஜா சாய்ந்து, தலைவரின் வரவுசெலவு அறிக்கை முழுக்க நனைந்தது. பிறகு தமிழில் கத்தினேன். வாய்க்கு வந்ததையெல்லாம். ஆங்கிலத்தில் ஒரு சொல் வரவில்லை. நாளை முதல் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்பதையும் தமிழிலேயே சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அறுபது பேரில் ஒருவருக்கும் புரிந்திருக்காது.

ரயிலில் வரும்போது நெஞ்சு நிமிர்ந்திருந்தது, அதை மறைப்பானேன். ஈசூன் வரை நிமிர்ந்தே வந்தேன். வீட்டுக் கதவின் முன் நின்று பையைத் துழாவியபோதுதான் தெரிந்தது: என் வீட்டுச் சாவியும் அந்தக் கொத்தில்தான் இருக்கிறது.

மனைவி மலேசியாவில், ஈப்போவில். மாமியாருக்குக் கண் அறுவை சிகிச்சை. மகன் தேசிய சேவையில். இந்த வாரம் முகாமில் காவல் கடமை.

பின்குறிப்பு, 12.25: கொண்டோவின் இரவுக் காவலர் அண்ணன் அழைத்தார். "தம்பி, இதில் வீட்டுச் சாவி மாதிரி ஒன்று தெரிகிறதே?" என்றார். காலையில் ஷிப்ட் முடிந்ததும் தானே கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

19 ஜூலை, சனி

இரவு முழுக்க 24 மணி நேரக் காப்பிக்கடையில் கழிந்தது. நான்கு கோப்பி ஓ. ஐந்தாவது கேட்டபோது கடைக்காரரே வேண்டாம் என்றுவிட்டார்.

ஒன்பதேகாலுக்கு அண்ணன் வந்தார். அவர் வீடு பூன் லேயில் இருக்கிறது. பிடோக்கிலிருந்து கிழக்கு மேற்குத் தடத்தில் ஏறினால் மாறாமல் போய் இறங்கவேண்டியவர், பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து, வழியில் மாறி, வடக்கே ஈசூன் வரை வந்திருக்கிறார். வயது 67. துறைமுகத்தில் உழைத்து ஓய்வுபெற்று, பிறகு இந்தச் சீருடையைப் போட்டவர். சாவியை ஒரு சிறிய பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டியிருந்தார்.

"சாப்பிட்டீர்களா தம்பி?" என்றார்.

நான் அவருக்குத் தோசை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினோம். அவர் போய்விட்டார்.

நேற்று எழுதியதில் ஒன்றை விழுங்கிவிட்டேன். அதை இப்போது எழுதவேண்டும்.

தலைவர் அந்தப் பொய்யைச் சொல்லி முடித்த நிமிடம், அண்ணன் பின்கதவு வழியாக வந்து என் காதருகே குனிந்தார். கார் நிறுத்துமிட வாசலில் தடுப்புக்கட்டை தூக்கவில்லை, ஐந்து கார்கள் வரிசையில் நிற்கின்றன என்றார். நான் எழுந்தது அப்போதுதான். சாவியை எறிந்தது தலைவர் பக்கம். கத்தியது தலைவரைப் பார்த்து அல்ல. "எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வந்து நிற்பீர்களா? உட்கார்ந்து தூங்குவதற்கா உங்களுக்குச் சம்பளம்?" என்று அண்ணனைப் பார்த்துக் கத்தினேன்.

அறுபது பேருக்குப் புரியாத தமிழ், புரிந்த ஒரே ஆளின் முகத்தில் போய் விழுந்தது.

எய்தவன் இருக்க அம்பை நோவது என்பார்கள். இங்கே அம்பைக்கூட நோகவில்லை. பக்கத்தில் சும்மா நின்றவரை நொந்திருக்கிறேன். தோசை சாப்பிட்ட இருபது நிமிடமும் மன்னிப்பு நாக்கின் நுனியில் இருந்தது. மழையைப் பற்றிப் பேசினேன்.

20 ஜூலை, ஞாயிறு

மனைவியிடம் சொல்லிவிட்டேன். சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, "வேலையை விட்டதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லைங்க. வீட்டுச் சாவியையுமா எறிவார்கள்?" என்றாள். ஆடி பிறந்து இரண்டாம் நாள் இப்படிச் செய்யலாமா என்று பின்னால் மாமியாரின் குரல் கேட்டது. ஆடியில் எதையும் தொடங்கத்தானே கூடாது, முடிக்கலாமே என்றேன். ஈப்போவில் யாரும் சிரிக்கவில்லை.

மத்தியானம் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். ஒரு மாத முன்னறிவிப்பு. ஒப்பந்தத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால் வேலை நியமனச் சட்டப்படி எனக்கு இரண்டு வாரம்தான் வந்திருக்கும். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் வேலை பார்த்தவர்களுக்கு அதுதான் கணக்கு. எழுதியிருக்கிறார்கள், கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அறிவிப்புக் காலத்தை முடிக்காமல் போனால் ஒரு மாதச் சம்பளத்தை நான்தான் கட்டவேண்டும். 4,600 வெள்ளி. கூஜாவுக்கு அது கொஞ்சம் அதிக விலை.

வேலை தேடுவோருக்கென்று ஏப்ரலில் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டம் ஒன்று வந்ததே என்று அதையும் பார்த்தேன். ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். ஆனால் ஆட்குறைப்பு, நோய், விபத்து என்று தன் விருப்பமின்றி வேலை இழந்தவர்களுக்குத்தான். தானாக விட்டவனுக்கு இல்லை. வீட்டுக் கடன் தவணை மசே நிதியிலிருந்து, அதாவது மத்திய சேமநிதியிலிருந்து, போகிறது. சம்பளம் நின்றால் அந்த ஊற்றும் வற்றும். படித்து முடித்தபோது நெஞ்சு நிமிரவில்லை.

21 ஜூலை, திங்கள்

காலை பத்து மணிக்கு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிலிருந்து அழைப்பு.

"சார், இன்று ஏன் வரவில்லை?"

"நான்தான் வேலையை விட்டுவிட்டேனே."

"எப்போது?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. வெள்ளிக்கிழமை கூட்டத்தில், எல்லார் முன்னிலையிலும் என்றேன். அந்தப் பெண் கோப்பைப் பார்த்துவிட்டு, தங்களுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை என்றார். மேலாளருக்குத் திடீரென்று வயிற்றுவலி வந்து, கூட்டத்தின் நடுவில் போக நேர்ந்தது. நிர்வாக மன்றத்திலிருந்து வந்த மின்னஞ்சலில் அவ்வளவுதான் இருந்ததாம். சீக்கிரம் குணமடைய வாழ்த்துகூடச் சொல்லியிருக்கிறார்கள். நனைந்த அறிக்கையைப் பற்றிப் பேச்சே இல்லை.

விலகல் எழுத்தில் வரவேண்டும், வாயால் சொன்னது செல்லாது என்று அவர் பொறுமையாக விளக்கினார். எந்த மொழியில் சொன்னாலும்தான் என்று நான் மனத்துக்குள் சேர்த்துக்கொண்டேன். தகவலும் அனுமதியும் இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராவிட்டால் நானே ஒப்பந்தத்தை முறித்ததாகிவிடும் என்பதையும் சொன்னார். இன்றைக்கு விடுப்பு என்று போட்டுக்கொள்ளட்டுமா, சார்?

போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

ஆக, நான் எந்த வேலையையும் விடவில்லை. எனக்கு வயிற்றுவலி. மூன்று ஆண்டுக் கொதிப்பு, கூஜா, அறுபது சாட்சிகள், எல்லாம் சேர்ந்து ஒரு வயிற்றுவலி. யார் செய்த வேலை என்று யோசிக்கவேண்டியதில்லை. அந்த அறையில் தமிழ் தெரிந்தவர் ஒருவர்தான். நான் கத்திவிட்டுப் போனதும் எல்லாரும் அவரைத்தான் கேட்டிருப்பார்கள்: என்ன சொல்கிறார்?

நாளை போய் மேசையில் உட்கார்ந்தால் எல்லாம் பழையபடி. நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆசையாகத்தான் இருந்தது. மாலையில் வேறொன்று தட்டுப்பட்டது. "தூங்குவதற்கா சம்பளம்" என்பது என் வாக்கியமே இல்லை. காவலர்களுக்குப் படிப்படியாக உயரும் சம்பள முறையில் இந்த ஆண்டு குறைந்தபட்சச் சம்பளம் 2,870 வெள்ளி ஆனதிலிருந்து, ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் தலைவர் சொல்லிவரும் வாக்கியம் அது. "உட்கார்ந்து தூங்குவதற்கு இவ்வளவா?" நான் குறிப்பெடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பேன். ஒருமுறையும் மறுத்ததில்லை. கடைசியில் கோபம் வந்தபோது அவர் வாக்கியத்தைத் தமிழாக்கி, அதுவும் அவருக்காகவே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

இரவு எட்டு மணிக்கு விலகல் கடிதம் அனுப்பினேன். நான்கு வரிகள். ஒரு வரியில்கூடப் பம்பு இல்லை.

22 ஜூலை, செவ்வாய்

போனேன். ஒரு மாதம் முடிவது ஆகஸ்ட் 20ஆம் தேதி. மிச்சமிருக்கும் ஒன்பது நாள் விடுப்பைக் கழித்தால் ஆகஸ்ட் 7, வியாழனோடு முடிந்துவிடுகிறது. மூன்று கடிதங்களின் நகலையும் மன்ற உறுப்பினர் எல்லாருக்கும், கேள்வி கேட்ட மேல்மாடிக்காரர்களுக்கும் காலையிலேயே அனுப்பிவிட்டேன். கத்தியிருக்கவே வேண்டியதில்லை. இந்த இரண்டு நிமிட வேலைதான்.

பொருளாளர் அம்மா இஞ்சி மிட்டாய் கொண்டுவந்து வைத்தார். வயிற்றுக்கு நல்லதாம்.

இன்றுமுதல் எங்கள் வயதினருக்கும் எஸ்ஜி60 பற்றுச்சீட்டு. 600 வெள்ளி, பாதியைப் பேரங்காடியிலும் செலவழிக்கலாம். வேலையை விட்ட வாரத்தில் அரசாங்கம் அரிசி வாங்கிக் கொடுக்கிறது. நாட்டுக்கு வயது அறுபது ஆனது என் நல்ல நேரம்.

எட்டு மணி வரை காத்திருந்தேன். அண்ணன் வந்து சீருடைச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்றைக்கு அவர்களிடம் என்ன சொன்னீர்கள்?"

"வயிறு சரியில்லை என்கிறார் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?"

"நான் சொன்னது தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள்."

அவர் பதிவேட்டைத் திறந்து தேதி எழுதினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சும்மா இருந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"நீங்கள் சொன்னது முழுப்பொய் இல்லை தம்பி. மூன்றரை மணி வாக்கில் ஒரு பத்து நிமிடம் கண் மூடத்தான் மூடுகிறது. அதை நீங்கள் எப்படியோ கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்." பிறகு, "ஆனால் அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கவேண்டாம்" என்றார்.

7 ஆகஸ்ட், வியாழன்

நடுவில் எழுத ஒன்றும் இல்லை. தேசிய தினத்துக்குக் கொடி கட்டினோம், நீச்சல் குளத்தில் மூன்று ஓடு பெயர்ந்தது. இரண்டு பம்பும் நேற்று வந்து இறங்கின. கடிதங்கள் கைமாறிய வாரத்திலேயே பணம் எங்கிருந்தோ கிடைத்துவிட்டது. தலைவர் பம்பின் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொடுத்தது நான்.

இன்று ஒப்படைப்பு. புதிய மேலாளர் முப்பது வயதுப் பெண். ஒவ்வொரு சாவியாக எடுத்துக் கையெழுத்து வாங்கினேன். 43 சாவிகள். ஒன்று மட்டும் எந்தப் பூட்டுக்கும் சேரவில்லை. அண்ணன், எனக்கு முன்பிருந்த மேலாளர், துப்புரவு மேற்பார்வையாளர், யாருக்கும் தெரியவில்லை. பட்டியலில் அதற்கு நேரே 'தெரியாது' என்று எழுதிக் கையெழுத்திட்டோம். என் வீட்டுச் சாவி இப்போது தனி வளையத்தில், கால்சட்டைப் பையில் இருக்கிறது. மனைவி ஈப்போவிலிருந்து வந்ததும் முதலில் செய்த வேலை அது.

இரண்டு நேர்காணல்கள் முடிந்திருக்கின்றன. ஒன்றில் பதில் இல்லை. இன்னொன்று மறுபடியும் கொண்டோதான், பொங்கோல் பக்கம், புதுக் கட்டடம். ஏதாவது கேட்கவேண்டுமா என்றார்கள். மொத்தம் எத்தனை சாவிகள் என்று கேட்டேன். எல்லாம் அட்டைதான், சார், என்றார்கள்.