கோழிக்கு மருந்தை நிறுத்தியபோது

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபாலுக்குப் பக்கத்தில் எங்கள் கோழிப்பண்ணை. அப்பா காலத்திலிருந்தே ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் வளர்த்துக் கொடுத்து வந்தோம். குஞ்சு, தீனி, மருந்து எல்லாம் அவர்களே இறக்குவார்கள். எந்த நாளில் எந்தப் பொட்டலத்தைத் தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். நோய் இருக்கிறதோ இல்லையோ, கரைத்து ஊற்றுவோம்.

2019 தொடக்கத்தில் மலேசியா கால்நடைகளுக்குக் கோலிஸ்டின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுப்பதைத் தடை செய்தது. வேறு எந்த மருந்துக்கும் கேட்காத கிருமிக்காக மருத்துவமனைகளில் கடைசியாகக் கையில் எடுக்கும் மருந்து அது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதை எதிர்க்கும் மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் என்று 2015-லேயே சீனாவில் கண்டுபிடித்திருக்கிறார்கள். நான் அந்த மருந்தை வாளி வாளியாகக் கலக்கியிருக்கிறேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. சொந்தமாக 8,000 குஞ்சு வாங்கி, மருந்தை மட்டும் நிறுத்தினேன். மற்றதெல்லாம் பழையபடியே. அங்கேதான் தப்பு செய்தேன். நான்காவது வாரத் தொடக்கத்தில் ரத்தக் கழிச்சல். கோழிகள் இறக்கையைத் தொங்கப்போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மூலையில் குவிந்து நின்றன. விடிந்ததும் நானும் மனைவியும் செத்ததைப் பொறுக்கிக் கோணியில் கட்டுவோம். ஒரே வாரத்தில் 700-ஐத் தாண்டியது.

கால்நடை மருத்துவர் வந்தார். கோழியைத் தொடுவதற்கு முன் குனிந்து, தரையிலிருந்து ஒரு பிடி உமியை அள்ளி இறுக்கினார். விரலை விரித்தபோது அது கொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றது.

"இது உதிரணும் அண்ணே. இந்த ஈரத்துலதான் ஒட்டுண்ணி முட்டை எல்லாம் முதிருது. இத்தனை நாளா மருந்து இதை மூடி வெச்சிருக்கு."

அந்தத் தொகுதிக் கோழிகளுக்கு அவர் சொன்ன மருந்தைக் கொடுத்தேன். எனக்கு இதில் சந்தேகமே இல்லை: நோய் வந்த கோழிக்கு மருந்து கொடுத்தே ஆக வேண்டும். 'மருந்தில்லாக் கோழி' என்ற பெயருக்காக அதை வலியில் விடுவது பாவம். மருந்து உடம்பை விட்டு இறங்கும் நாட்களை எண்ணிக் காத்திருந்து, சாதாரணக் கோழியாகச் சாதாரண விலைக்கே விற்றேன். நல்ல நஷ்டம்தான்.

அப்புறம் கொட்டகையைத் திருத்தினேன். 8,000 இருந்த இடத்தில் இப்போது 5,500. கோழி கொத்திக் குடிக்கும் குழாய் முனைகளில் (நிப்பிள்) ஒழுகியவற்றை மாற்றி, கோழி கழுத்தை நீட்டிக் குடிக்கும் உயரத்துக்குக் குழாயைத் தூக்கிக் கட்டினேன். இரண்டு தொகுதிகளுக்கு நடுவே பத்து நாள் விட்டிருந்த இடைவெளி மூன்று வாரமானது. ரத்தக் கழிச்சல் தடுப்பூசி போட்ட குஞ்சுகளாகப் பார்த்து வாங்குகிறேன். முன்பு விடிய விடிய விளக்கு எரியும், கோழி தின்றுகொண்டே இருக்கும். இப்போது ராத்திரி ஆறு மணி நேரம் இருட்டு, நன்றாகத் தூங்குகின்றன. எடை ஏற ஒரு வாரம் கூடுதலாகிறது, கால் ஊனமாகும் கோழிகள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

விற்பதுதான் இன்னும் பாடு. 2023 நவம்பரில் கோழிக்கு விலைக் கட்டுப்பாடு நீங்கியதும் என் விலையை நானே சொல்ல முடிந்தது. ஆனால் புக்கிட் மெர்தாஜாம் பாசாரில் (சந்தையில்), "ஏன் தம்பி கிலோவுக்கு இவ்வளவு வெள்ளி?" என்று கேட்கும் அக்காமார்களுக்கு நின்று விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்டவர்களில் பாதிப் பேர் வாங்குகிறார்கள். வாங்கியவர்கள் தீபாவளிக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிறார்கள்.

சுவரில் இருந்த அந்தத் தாளைக் கிழித்தாயிற்று. தினமும் காலையில் கொட்டகைக்குள் நாலைந்து இடத்தில் கோழியின் உயரத்துக்குக் குந்தி மூச்சை இழுத்துப் பார்க்கிறேன். நின்றால் தெரியாத அம்மோனியா நெடி அங்கேதான் தெரியும். கண் எரிந்தால் திரைச்சீலையை இறக்கிக் காற்றை விட்டு, அந்த இடத்து உமியை அள்ளி வெளியே போடுகிறேன்.