இரண்டு கிரிட்டுக்கு நடுவில் ஒரு துகள்

புதுச்சேரியின் சேதராப்பட்டுப் பக்கம் வேக்யூம் கோட்டிங் (வெற்றிட அறையில் மெல்லிய பூச்சு) போடுபவர்களுக்கு அயனி எஞ்சின் தூரத்துச் சொந்தம். கிரிட் எனும் துளைத் தகடுகளுக்கு நடுவே மின்னழுத்தம் கொடுத்து, அயனிகளை வேகமாக வெளியேற்றி விண்கலத்தைத் தள்ளும் எஞ்சின் இது. பூச்சுக்கு முன் ஆர்கான் அயனிகளால் மேற்பரப்பைச் சுத்தம் செய்யும் காஃப்மன் சோர்ஸ், 1959-இல் நாசாவின் லூயிஸ் ஆய்வுக்கூடத்தில் ஹரால்ட் காஃப்மன் உருவாக்கிய எஞ்சினின் வாரிசு.

இந்த எஞ்சினைப் பற்றி எழுதுகிறவர்கள் உந்துவிசையையே பேசுவார்கள். பட்டறைக்காரர் கண்ணில் படுவது ஷார்ட். 1964 ஜூலையில் பறந்த நாசாவின் சோதனைக் கலம் செர்ட்-1-இல் சீசியம் எஞ்சின் உயர் மின்னழுத்த ஷார்ட்டால் ஓடவே இல்லை. காஃப்மனின் பாதரச எஞ்சின் 31 நிமிடம் ஓடியது. 1970-இல் போன செர்ட்-2-இன் இரண்டு எஞ்சின்களும் சில மாதங்கள் ஓடி, கிரிட் அரித்து விழுந்த துணுக்கால் நின்றன. 1998 நவம்பரில் நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தின் செனான் எஞ்சின் நாலரை நிமிடத்தில் அணைந்தது. கிரிட்களுக்கு நடுவில் சிக்கிய துகள் விழட்டும் என்று, கலத்தை வெயிலுக்கும் நிழலுக்கும் மாற்றி மாற்றித் திருப்பி, கிரிட் விரிந்து சுருங்கும்படி செய்தார்கள். இரண்டு வாரத்தில் மறுபடி பிடித்துக்கொண்டது; மொத்தம் 16,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியது.

அதன் மாலிப்டினம் கிரிட்கள் 30 செ.மீ. அகலம், இடைவெளியோ ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கும் அந்தச் சந்தில் கடத்தும் துகள் ஒன்று போதும். எஞ்சின் ஓட ஓட அயனி மோதிப் பெயரும் உலோகம் உள்சுவரில் படலமாகப் படியும். தடித்ததும் இழுவிசை தாங்காமல் செதிலாக உரியும். கோட்டிங் சேம்பரின் சுவரைக் காக்கும் தகடான ஷீல்டிலும் இதே கதைதான். வழவழப்பான ஷீல்டில் சீக்கிரம் உரியும், கரடுமுரடான பொடியை வேகமாக அடித்துச் சொரசொரப்பாக்கினால் பிடித்து நிற்கும். டீப் ஸ்பேஸ் 1 எஞ்சினின் உட்புறத்திலும் இதைத்தான் செய்திருந்தார்கள்.

உரிவதைத் துரிதப்படுத்துவது ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் கடற்காற்றோடு சேம்பரைத் திறந்து வைத்தால் சுவரெல்லாம் நீர் ஒட்டும். 10⁻⁵ மில்லிபார் தொட வழக்கத்தைவிட வெகுநேரம் ஆகும். அறைக்காற்றுக்குப் பதில் உலர் நைட்ரஜன் விட்டுத் திறந்து, வேலை முடிந்ததும் உடனே மூடிவிட வேண்டும். ரோட்டரி பம்ப் எண்ணெய் மோர்போல் வெளுத்தால் எண்ணெயில் சேர்ந்த நீர் ஆவியாய் வெளியேற, பம்புக்குள் கொஞ்சம் காற்று விடும் கேஸ் பேலஸ்ட் வால்வைத் திறந்து ஓட்டுவோம். தெளியாவிட்டால் எண்ணெய் மாற்றம்தான், வேறு வழியில்லை.

எஞ்சினுக்கு எலக்ட்ரான் தரும் குழல், ஹாலோ கேத்தோடு, இன்னும் தொட்டாற்சுருங்கி. டங்ஸ்டனுக்குள் ஊறவைத்த பேரியம் கலவை நீராவியாலும் ஆக்சிஜனாலும் கெடும். அதனால் முதல் தடவை பற்றவைக்கும் முன் வேக்யூமில் படிப்படியாகச் சூடேற்றி ஈரத்தை ஓட்டுவார்கள். அவசரப்பட்டு நேரடியாகப் பழுக்கவைத்தால், உள்ளே மிஞ்சிய நீராவியே பேரியத்தைத் தின்றுவிடும்.