உயிலில் ஒரு பத்தி

உயில் எழுதுவது என்று முடிவெடுத்ததும் பிள்ளைகளுக்கான பகுதி சட்டென்று முடிந்துவிட்டது. வேலை வைத்தது ஒரே ஒரு பத்திதான். பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து தரும் அமைப்பு ஒன்றுக்கு நான் பல வருடங்களாக வாசித்துக்கொடுத்து வந்திருக்கிறேன். அவர்களுக்கும் ஒரு பங்கு போக வேண்டும் என்பது என் ஆசை.

எவ்வளவு என்று வக்கீல் கேட்பார் என நினைத்துக்கொண்டு போனேன். அவர் கேட்டது, "அவங்க பதிவுப் பெயர் என்ன?" என்று. எல்லோரும் கூப்பிடும் சுருக்கப் பெயரைச் சொன்னேன். அது போதாதாம். பழைய நன்கொடை ரசீதை எடுத்துப் பார்த்தால், அதில் இருந்தது வேறு நீளமான பெயர். அதே மாதிரி பெயரில் வேறு அமைப்புகளும் இருக்கலாம். உயிலைப் பிரிக்கும் நாளில், "நான் சொன்னது இவங்களைத்தான்" என்று சொல்ல நான் இருக்கப் போவதில்லை. அதனால் முழுப்பெயர், பதிவு எண், முகவரி மூன்றும் பத்திக்குள் ஏறின.

அப்புறம்தான் எவ்வளவு என்ற பேச்சு. குறிப்பிட்ட தொகை எழுதலாம், குறிப்பிட்ட ஒரு பொருளையோ சொத்தையோ எழுதலாம், இல்லையென்றால் எல்லாம் போக மிஞ்சுவதில் இத்தனை சதவீதம் என்று எழுதலாம். எனக்கு முதலில் பிடித்தது தொகைதான், கணக்கு சுலபம். ஆனால் இன்று பெரிதாகத் தெரியும் தொகை, விலைவாசி ஏற ஏற ஒன்றுமில்லாமல் போகும். எதிர்ப்பக்கமும் உண்டு. பொதுவாக இறந்தவரின் கடன், இறுதிச் செலவு, வரி எல்லாம் கழிந்த பிறகு, எழுதிவைத்த தொகைகளைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் பிரிப்பார்கள். கடைசிக் காலத்தில் மருத்துவச் செலவில் என் கையிருப்பு கரைந்துவிட்டால், அமைப்புக்கு முழுத்தொகையும் போய், மீதியை நம்பியிருக்கும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம்தான் நிற்கும். சதவீதம் என்றால் ஏறினாலும் இறங்கினாலும் எல்லோருக்கும் சேர்ந்தே. அதையே எழுதச் சொன்னேன்.

பணம் ஒலிநூல் பதிவுக்கு மட்டுமே பயன்பட வேண்டும் என்று நிபந்தனை போடவும் எண்ணம் இருந்தது. அமைப்பின் அலுவலகத்தில் இதைச் சொன்னபோது அங்கிருந்த அம்மா சிரித்துவிட்டார். ஒலிநாடா வாங்குவதற்கு மட்டும் என்று ஒருவர் எழுதிவைத்தாராம்; அந்தப் பணம் கைக்கு வந்தபோது ஒலிநாடாவே வழக்கொழிந்துவிட்டது. செலவழிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் திண்டாடியிருக்கிறார்கள். "விருப்பம்னு எழுதுங்க, நிபந்தனைன்னு எழுதாதீங்க" என்றார். அப்படியே எழுதினேன். எனக்கு முன்னால் அந்த அமைப்பே இல்லாமல் போனால், அல்லது வேறொன்றோடு இணைந்துவிட்டால், அதே மாதிரி வேலை செய்யும் அமைப்புக்கு உயிலை நிறைவேற்றுபவர் கொடுக்கலாம் என்று இன்னொரு வரியும் சேர்ந்தது.

இந்த 'ஒருவேளை' வரியை வெட்டிச் சடங்கு என்று நினைக்க வேண்டாம். ஜேம்ஸ் ஸ்மித்சன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1826இல் எழுதிய உயிலில் சொத்தைத் தம்பி மகனுக்கு விட்டார். அவனுக்குப் பிள்ளை இல்லாமல் போனால் வாஷிங்டனில் ஓர் அறிவு நிறுவனம் அமைக்க அமெரிக்காவுக்குப் போகட்டும் என்று ஒரு வரி சேர்த்தார். அமெரிக்கா பக்கமே போகாதவர் அவர். 1835இல் அந்தத் தம்பி மகன் பிள்ளையில்லாமல் இறந்தார். 1846இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் உருவானது. மாறாக, ஆல்ஃபிரட் நோபல் 1895இல் வக்கீல் துணையில்லாமல் எழுதிய உயிலில், பரிசு பெறுவோரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிறுவனங்களை முன்கூட்டிக் கேட்கவே இல்லை. உறவினர்களும் எதிர்த்தார்கள். 1896இல் அவர் இறந்தபின் அறக்கட்டளை அமைய 1900 ஆகிவிட்டது. நோபலுக்கே அந்தப் பாடு என்றால் நாமெல்லாம் ஒரு வார்த்தை முன்னாலேயே கேட்டுவிடுவது நல்லது. பராமரிக்கச் சிரமமான சொத்தை வேண்டாம் என்று மறுக்கவும் அமைப்புகளுக்கு வழியுண்டு.

சாட்சி விஷயத்தில் வக்கீல் கறார். அமைப்பின் நிர்வாகக் குழுவில் இருக்கும் நண்பர் தானே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். உயிலால் பயன்பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக நின்றால், பல நாடுகளில் அவர்களுக்கு எழுதியது செல்லாது. இவருக்கு நேரடியாக ஒன்றும் எழுதவில்லைதான். ஆனாலும் பின்னால் யாரும் விரல் நீட்ட இடம் தரக் கூடாது.

வீட்டில் சொன்ன அன்று மகள் பேசாமல் இருந்தாள். மகன்தான், "உங்களுக்குப் பெரிய செலவு வந்தா எங்க பங்கு மட்டும் குறையுமாப்பா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. சதவீதக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். மகள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றாள். நான் போனபின் வக்கீல் வாயால் கேட்டிருந்தால் இதே செய்தி வேறு மாதிரி பட்டிருக்கும். சில நாடுகளில் பிள்ளைகளுக்கான கட்டாயப் பங்கை உயிலால் தொடவே முடியாது. அங்கே இருப்பவர்கள் மிச்சப் பகுதிக்குள்தான் தொண்டுக்கு எழுத வேண்டும்.

காப்பீட்டுப் பணத்தை உயிலில் சேர்க்கவில்லை. பல இடங்களில் அது பாலிசியில் பெயர் உள்ளவருக்கே நேரே போகும். அமைப்பின் பெயரோ முகவரியோ மாறினால் உயிலில் பேனாவால் அடித்து எழுதக் கூடாதாம். துணை உயில் ஒன்று எழுதி, அதற்கும் முறைப்படி சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். மூலப்பிரதி வக்கீலிடம் இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பது மகளுக்குத் தெரியும்.