பெரியப்பா போட்ட முழுக்கை சட்டை

கடிதத்த ரெண்டு தடவ படிச்சிட்டு பெரியப்பா பேசாம என்கிட்ட நீட்டுனாரு. மாசாமாசம் வந்த உடற்குறை உதவித்தொகை நின்னுபோச்சு. மறுமதிப்பீட்டுல "தானா உடுத்திக்கிறார்"னு எழுதியிருக்காங்க.

ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் அவருக்கு வலது கை சுத்தமா வராது. ஆனா மதிப்பீடு பண்ண ஆள் வர்றாங்கன்னதும் மனுஷன் விடிய முன்னாடியே எந்திரிச்சு, கட்டில்ல உக்காந்து, இடது கையால ஒவ்வொரு பட்டனா ஓட்டைக்குள்ள தள்ளி, வேர்த்து விறுவிறுத்து, உதவிக்கு வந்த பெரியம்மா கையையும் தட்டிவிட்டு, முழுக்கை சட்டை போட்டு முடிச்சிருக்காரு.

வந்தவங்க பாத்தது போட்டு முடிச்ச சட்டைய மட்டும்தான்!

இங்க சிங்கப்பூர்ல விதி என்னன்னா குளிக்க, உடுத்த, சாப்பிட, கழிவறை போக, நடமாட, கட்டில்ல இருந்து நாற்காலிக்கு மாற, இந்த 6ல 3 இன்னொருத்தர் உதவியில்லாம முடியாதுன்னாதான் கடுமையான உடற்குறை. ஒண்ணு கொறஞ்சா காசு இல்ல.

வீட்டுக்கு ஆள் வந்தா நல்லா உடுத்தி உக்கார்ற தலைமுறைங்க இது. அத வச்சு உடம்பு தேறிட்டுதுன்னு எழுதுறது நியாயமே இல்ல.

மேல்முறையீட்டுக்கு, எந்த நேரம் என்ன உதவி பண்றாங்கன்னு பெரியம்மாவ நோட்டுல எழுதச் சொல்லியிருக்கேன். தெரப்பிஸ்ட் கடிதமும் கேட்டிருக்கோம். எம்.பி.ய மக்கள் சந்திப்புல பாக்கவும் போறோம்.

உங்க வீட்டுக்கும் ஆள் வந்தா, கூட இருந்து பாத்துக்கிறவங்கள பேச விடுங்க. மோசமான நாள் எப்படி இருக்கும்னு சொல்லச் சொல்லுங்க.