தலை இன்னும் முடியவில்லை

அக்டோபர் 9

ஓவியப் பள்ளியில் கரியால் பார்த்து வரைய அதே பிளாஸ்டர் தலை. பக்கத்திலேயே, அதே உயரத்தில் தாள் மாட்டிய ஈஸல். தரையில் டேப் ஒட்டிய இடத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும். பார்த்ததை மனசில் பிடித்துக்கொண்டு முன்னால் போய் ஒரு கோடு, மறுபடி டேப்புக்குப் பின்வாங்கி ஒரு பார்வை. அங்கிருந்து பார்த்தால் தாளில் உள்ள தலையும் பிளாஸ்டர் தலையும் ஒரே அளவில் தெரிய வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். நாள் முழுக்க நடந்ததுதான் மிச்சம். தாளில் ஒரு மூக்கு.

அக்டோபர் 10

மூக்கை வாத்தியார் துடைத்துவிட்டார்.

அக்டோபர் 14

எரிச்சல் இன்னும் போகவில்லை. ரப்பர்கூட இல்லை, துணியால் ஒரே இழுப்பு. "இது உனக்கு ஏற்கெனவே தெரிந்த மூக்கு. அங்கே இருக்கிற மூக்கைப் போடு" என்றார். எனக்கென்று ஒரு பாணி கிடைக்கும் என்று நம்பி இத்தாலியில் பிளாரன்ஸ்வரை வந்தால், கையில் இருப்பதையும் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

மத்தியானம் தூக்குக்குண்டு நூலைப் பிடித்துப் பார்த்தேன். அந்த முகம் இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை. இடது நாசி ஒரு நூல் அளவு மேலே ஏறியிருக்கிறது. செய்த சிற்பி யாரோ, தெரிந்தேதான் செய்திருக்கிறான். எத்தனையோ பேர் இதைப் பார்த்து வரைந்திருப்பார்கள். எத்தனை பேர் அந்த நாசியைப் பார்த்தார்களோ.

அக்டோபர் 21

தங்கும் அனுமதிக்குக் கைரேகை கொடுக்கத் தேதி வரவில்லை. தபால் நிலைய ரசீது ஸ்கெட்ச் நோட்டுக்குள் கிடக்கிறது. ஓரம் எல்லாம் கரி.

அக்டோபர் 26

பிரன்காச்சி சிற்றாலயம். இதன் சுவர்களில் வரைந்த ஓவியர் மசாச்சோ 1428-ல், 26 வயதில் செத்துப்போனார். சுவர் ஓவியம் அரைகுறையாக நின்றது. அரை நூற்றாண்டு கழித்து பிலிப்பினோ லிப்பி வந்துதான் முடித்தார். எனக்கு 31. சரி, அதை விடு.

ஈரச் சாந்து வேலையில் அன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்குத்தான் சாந்து பூசுவார்கள். காய்வதற்குள் வண்ணம் ஏறிவிட வேண்டும். சுண்ணாம்பு காற்றுப் பட்டு இறுகும்போது நிறத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மறுநாள் அதை ஒட்டிப் புதுச் சாந்து. உற்றுப் பார்த்தால் சில இடங்களில் அந்த ஒட்டு தெரியும். இங்கே நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார், இங்கே மறுநாள் ஆரம்பித்திருக்கிறார்.

தோட்டத்திலிருந்து விரட்டப்படும் ஏவாள். கண் என்று ஒன்றுமே இல்லை, இரண்டு நிழல் கீற்று. வாய் திறந்திருக்கிறது. அந்த அலறலுக்கு அது போதும். நானோ போன வாரம் முழுக்க ஒரு இமைக்கோட்டை இழைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 4

1966-ல் இதே தேதியில்தான் ஆர்னோ ஆறு ஊருக்குள் புகுந்தது. சாந்தா குரோச்சே தேவாலயத்தில் இருக்கிற, சிமபூவே என்ற பழைய ஓவியர் வரைந்த மரச் சிலுவையில் வண்ணம் ஏறக்குறைய 60 சதவீதம் போய்விட்டது. பத்து வருஷம் உட்கார்ந்து சரிசெய்தார்கள். ஆனால் போன முகத்தைப் புதுசாக வரைந்து ஒட்டவில்லை. காலியான இடத்தில் மெல்லிய வண்ணக் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடர்த்தியாகப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். தள்ளி நின்றால் கண்ணை உறுத்தாது. கிட்டே பார்த்தால் எது பழசு, எது போனது என்று தெரிந்துவிடும்; அதில் ஒளிவுமறைவே இல்லை.

சிலுவை உயரத்தில் தொங்குகிறது. கழுத்து வலி. நூலகத்தில் பெரிதாக்கிய படம் இருந்தது, மூடும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 5

அந்தக் கோடுகள்.

நவம்பர் 12

அக்கா போனில், "ஏதாவது ஒரு படம் அனுப்பேன்டி, எல்லாருக்கும் காட்டணும்" என்றாள். அனுப்ப என்ன இருக்கிறது, மூக்கு இல்லாத தலை. "அடுத்த வாரம்" என்றேன்.

நவம்பர் 22

சான் மார்கோ மடம். துறவியும் ஓவியருமான பிரா ஆஞ்செலிகோவும் உடனிருந்தவர்களும் 1440 வாக்கில் துறவிகள் தூங்கும் அறைகளில் அறைக்கொரு படம் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஒரு சின்ன ஜன்னல், ஒரு படம், பார்க்க ஒரே ஆள். அலங்காரம் கிடையாது, தங்கம் மினுக்குவதும் கிடையாது. ஊருக்குக் காட்டவேண்டிய கவலை இல்லாத படம் இப்படித்தான் இருக்கும் போல. அக்காவுக்குப் பதில் சொல்ல இதை எல்லாம் சொல்ல முடியாது.

இரண்டாவது அறையிலேயே ஸ்கெட்ச் நோட்டை மூடிவிட்டேன். சும்மா நின்றேன். வரையாமல் பார்ப்பது எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று தெரியாது.

டிசம்பர் 3

தூக்கம் இல்லை. ஓவியர் அம்ரிதா ஷெர்கில் 1929-ல் பாரிஸுக்குப் படிக்கப் போனபோது வயது 16. 1933-ல் அங்கே சலோன் என்ற ஓவியக் கண்காட்சியில் தங்கப் பதக்கம். 1934-ல் திரும்பிவிட்டார். அஜந்தாவை அதற்கு அப்புறம்தான் போய்ப் பார்த்தார், படங்களும் மாறின. பாரிஸ் இல்லாமல் நேராக அஜந்தாவுக்குப் போயிருந்தால் அதே கண்ணோடு பார்த்திருப்பாரா? இரண்டு மணிக்கு யோசிக்கிற விஷயமா இது.

டிசம்பர் 11

தும்மினால் கறுப்பு.

டிசம்பர் 16

வாத்தியார் துடைத்த இடத்தில் மூக்கைத் திரும்பப் போடவில்லை. துணி இழுத்த தடத்தை அப்படியே விட்டு, அதன் மேல் கூரான கரியால் கோடுகள், குறுக்கும் நெடுக்கும். டேப்பில் நின்று பார்த்தால் நிழல் சரியாக உட்கார்ந்திருக்கிறது. கிட்டே போனால் வெறும் கோடு.

அவர் வந்தார். ரொம்ப நேரம் நின்றார். துணி கையில்தான் இருந்தது.

"சிலுவையைப் பார்த்தாயா?"

"பார்த்தேன்."

"பழைய படங்களைச் செப்பனிடுகிற பட்டறை ஒன்று தெரியும். சனிக்கிழமை வா, கூட்டிப்போகிறேன்." அவ்வளவுதான், அடுத்த ஈஸலுக்குப் போய்விட்டார்.

பாராட்டா, நீ வரைய லாயக்கில்லை என்கிறாரா?

டிசம்பர் 20

பட்டறை. ஒருத்தர் நகத்தளவு இடத்தைப் பஞ்சுக் குச்சியால் சுத்தம் செய்துகொண்டிருந்தார். நாங்கள் போனதிலிருந்து கிளம்பும்வரை அதே இடம். எனக்கு அவர் மேல் பொறாமையாக இருந்தது, அது என்ன பொறாமை என்று யோசித்துக்கொண்டே தப்பான பஸ்ஸில் ஏறி

ஜனவரி 8

கைரேகை நாள். கரியில் தேய்ந்த கட்டைவிரலை இயந்திரம் ஏற்கவே இல்லை. கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். கழுவினேன். மறுபடியும் ஏற்கவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார். மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டது.

பட்டறையில் பிப்ரவரியிலிருந்து வரலாம் என்கிறார்கள், ஆனால் காலையில் மட்டும். காலையில்தான் தலை மேல் வெளிச்சம் சரியாக விழும். இரண்டையும் எப்படி