முகவாதத்துக்குச் சூயிங்கம் வேண்டாம்

வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே சூயிங்கம் மென்றுகொண்டோ பலூன் ஊதிக்கொண்டோதான் வருகிறார்கள். "நல்லா மெல்லு, நல்லா ஊது, தசை பலமாயிடும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கும்பகோணத்தில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் நான் முதலில் செய்வது, அந்த இரண்டையும் நிறுத்தச் சொல்வது.

மெல்லும் தசை வேறு, முகபாவத் தசை வேறு. பல்லைக் கடித்தால் கன்னத்தின் பின்பக்கம் புடைக்கிறதே, அது மாசெட்டர். நெற்றிப்பொட்டில் அசைவது டெம்போராலிஸ். இரண்டுக்கும் ஐந்தாவது மூளை நரம்பு. முகவாதத்தில், அதாவது டாக்டர் சீட்டில் பெல்ஸ் பால்சி என்று எழுதியிருக்கும் நோயில், அடிபடுவது ஏழாவது நரம்பு. மணிக்கணக்கில் மென்றாலும் உழைப்பது பெரும்பாலும் நன்றாக இருக்கிற ஐந்தாவது நரம்பின் தசைகள்தான்.

ஏழாவது நரம்பு காதுக்குள் ஒரு குறுகலான எலும்புக் குழாய் வழியாக வருகிறது. வீங்கினால் விரிய இடமில்லை, நசுங்கிவிடும். காதுக்குக் கீழே வெளிவந்து, உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புகுந்து ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. அந்தக் கிளைகள் போய்ச் சேரும் தசைகள் கைகால் தசைகளைப் போல எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் இருப்பவை கிடையாது. பெரும்பாலானவை எலும்பில் தொடங்கித் தோலில் முடிகின்றன. கன்ன எலும்பிலிருந்து வாயின் ஓரத்துக்கு வரும் சைகோமாட்டிகஸ் மேஜர் இழுத்தால் சிரிப்பு. கன்னத்துக்கு உள்ளே இருக்கும் பக்சினேட்டர் தளர்ந்தால் சோறு பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் தங்கிவிடும். அப்புறம் ஒன்று: தசை எவ்வளவு இழுபடுகிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வு உறுப்புகள் முகத்தசைகளில் அநேகமாக இல்லை. அதனால்தான் முகப்பயிற்சிக்குக் கண்ணாடி கட்டாயம். கண்ணாடி இல்லாமல் செய்தால் எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்று செய்கிறவருக்கே தெரியாது.

வாயைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். எனக்குக் கவலை கண். இமையைத் திறப்பது மூன்றாவது நரம்பு, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மூடுவது ஏழாவது. எனவே கண் திறந்தபடியே இருக்கும். மூட முயன்றால் விழி மேலே போய் வெள்ளை மட்டும் தெரியும், வீட்டில் பார்க்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். கண்ணை மூடும்போது விழி மேலே போவது பெரும்பாலானவர்களுக்கு இயல்பு, இமை மறைப்பதால் தெரிவதில்லை, அவ்வளவுதான். ஆனால் கருவிழி காய்ந்தால் புண்ணாகிவிடும். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை டேப்பால் ஒட்டித் தூங்குவது: டாக்டர் இதைச் சொன்னால் ஒரு நாள்கூட விடாதீர்கள்.

நெற்றியையும் பாருங்கள். புருவத்தைத் தூக்கினால் இரண்டு பக்கமும் சுருக்கம் விழுந்து, வாய் மட்டும் கோணினால் அது பக்கவாதமாக இருக்கலாம். நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருவதால் பக்கவாதத்தில் நெற்றி தப்பிவிடும். இதை வைத்து வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டாம். முகம் கோணினால் எதுவானாலும் உடனே ஆஸ்பத்திரி.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன், காத்து அடிச்சிடுச்சு என்பார்கள். புறா ரத்தம் தடவ ஆள் தேடுவார்கள். அப்படி அலைகிற முதல் மூன்று நாட்கள்தான் மருந்துக்கு நல்ல நாட்கள். ஸ்காட்லாந்தில் 551 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியவர்களில் ஒன்பது மாதத்தில் 94.4 சதவீதம் பேருக்கு முகம் முழுதாகத் திரும்பியது. அது கொடுக்கப்படாதவர்களில் 81.6. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை சர்க்கரையை ஏற்றும், எனவே டாக்டர் கண்காணிப்பில்தான்.

நாயனம் வாசிக்கிற பெரியவர் ஒருவர் நோய் வந்து பல மாதம் கழித்து வந்தார். அதுவரை பார்த்த இடத்தில் கரண்ட் வைத்து, பலமாக ஊதவும் சொல்லியிருந்தார்கள். வாய் அசைந்தது. ஆனால் உதட்டைக் குவித்ததும் வலது கண் தானாக மூடிக்கொண்டது. சின்கைனிசிஸ் என்போம். திரும்ப வளரும் நரம்பிழைகள் வழி மாறி, உதட்டுக்குப் போக வேண்டியவை கண்ணுக்கும் போய்விடுகின்றன. பலமாக முயல முயல இந்தத் தப்பான கூட்டு இறுகும். பலூன் வேண்டாம் என்பதும் இதனால்தான்.

"ஐயா, பாதி பலம் போதும்" என்றேன்.

"நாயனத்துக்குப் பாதி பலம் எப்படிம்மா போதும்?"

நியாயமான கேள்வி. நான் சன்னிபுரூக் அளவுகோலை எடுத்து வைத்தேன். புருவம் தூக்குவது, கண்ணை மெல்ல மூடுவது, சிரிப்பது, மூக்கைச் சுருக்குவது, உதட்டைக் குவிப்பது என்று ஐந்து அசைவுகளுக்கு மதிப்பெண் போட்டு, கூடவே வரும் வேண்டாத அசைவுகளுக்குக் கழிக்க வேண்டும். அவர் முழு பலத்தில் குவித்தபோது எவ்வளவு கழிந்தது, லேசாகக் குவித்தபோது எவ்வளவு என்று அருகருகே எழுதிக் காட்டினேன். பார்த்தார், ஒத்துக்கொண்டார்.

அப்புறம் நாயனத்தைத் தொடவே இல்லை. நாயனத்தின் நுனியில் செருகி ஊதும் சீவாளியை மட்டும் உதட்டில் வைத்து, ஊதாமல், கண்ணாடியில் வலது கண்ணையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இமை துடித்தால் உதட்டைத் தளர்த்த வேண்டும். கன்னத்துக்குள் கட்டைவிரலை விட்டு, இறுகின தசையை வெளிப்பக்கமாக நீட்டிவிடவும் பழக்கினேன். கண் அசையாமல் சீவாளி நின்ற பிறகுதான் மூச்சு, அதுவும் கொஞ்சமாக.

இப்போது கோயில் புறப்பாட்டில் வாசிக்கிறார். நீளமாகப் பிடிக்கும்போது கண் இன்னும் சுருங்குகிறது. கண்ணைச் சுற்றிச் சின்ன அளவில் போட்டாக்ஸ், அதாவது தசையைத் தளர்த்தும் ஊசி, போடலாம், சில மாதம் தாங்கும் என்று நரம்பியல் டாக்டர் சொல்லியிருக்கிறார். பெரியவர் யோசித்துச் சொல்கிறேன் என்கிறார். உதட்டுப் பக்கம் மட்டும் ஊசி வரக்கூடாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார், எனக்கும் அதே எண்ணம்தான்.