இருக்கிறது ஒரு கிட்னி

ஜனவரி 8, 2025, புதன். கோத்தகிரி

புல்லெல்லாம் உறைபனி. எழுந்ததும் சோதனைக் குழாயில் தம்பியின் சிறுநீரை எடுத்து, சல்போசாலிசிலிக் அமிலம் சில சொட்டு விட்டேன். பால் ஊற்றின மாதிரி வெளுத்தது. ஆறு வாரம் தினமும் ஸ்டீராய்டு கொடுத்தும் புரதம் போவது நிற்கவில்லை. கிட்னியில் ஊசி விட்டுத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கோவை டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

வேறு பிள்ளை என்றால் இவ்வளவு பயப்பட மாட்டேன். தம்பிக்குப் பிறவியிலேயே ஒரு கிட்னிதான். "இருக்கறது ஒண்ணு. அதையும் குத்திப் பாக்கணுமா?" என்று அத்தை அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதார்கள்.

ஜனவரி 11, சனி. கோவை

மறைக்காமல் சொல்லுங்கள் என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். சொன்னார். முன்பெல்லாம் ஒற்றைக் கிட்னிக்கு ஊசி வைக்கத் தயங்குவார்களாம், அறுவை செய்து நேரில் பார்த்துத்தான் எடுப்பார்களாம். இப்போது ஸ்கேனில் ஊசி முனையைப் பார்த்துக்கொண்டே எடுக்கிறார்கள். மாற்றுக் கிட்னி வைத்தவர்களுக்கும் வேலை செய்வது அந்த ஒன்றுதானே, அதிலும் பயாப்ஸி எடுக்கத்தானே செய்கிறோம் என்றார். அது என் மனதில் நின்றது. ஒற்றையாக இருப்பதால் தம்பியுடையது வழக்கத்தைவிடப் பெரிதாகவே வளர்ந்திருக்கிறதாம்.

ஆபத்து ரத்தக் கசிவுதான். பெரும்பாலும் தானாக நின்றுவிடும். சிலருக்கு ரத்தம் ஏற்ற வேண்டி வரும், அரிதாக ரத்தக் குழாயை உள்ளிருந்தே அடைக்க வேண்டி வரும். கிட்னியே போவது மிக மிக அரிது, ஆனால் இவனுக்குப் போனால் டயாலிசிஸ்தான் என்பதையும் சொன்னார். ராத்திரியிலும் ரத்த வங்கியும் குழாய் அடைக்கிற டாக்டரும் இருப்பார்களா என்று இரண்டு தடவை கேட்டேன். இருப்பார்கள். அப்புறம்தான் சரி என்றேன். காரணம் தெரியாமல் இருக்கிற ஒன்றையும் நாளுக்கு நாள் கெடவிடுவதுதான் எனக்கு இதைவிடப் பெரிய பயம்.

ஜனவரி 15, புதன். கோத்தகிரி

பொங்கல் போனது தெரியவில்லை. மூச்சு விடும்போது கிட்னியும் மேலும் கீழும் நகருமாம். ஊசி போகும் நொடியில் அடக்கிப் பிடிக்க வேண்டும். தம்பியைத் தலையணை மேல் குப்புறப் படுக்க வைத்துப் பழக்குகிறேன். ஊசிச் சத்தம் மாதிரி பேனாவை டக்கென்று அழுத்துவேன், அசையக் கூடாது. இன்று அசையவில்லை.

ஜனவரி 20, திங்கள். கோவை

பிளேட்லெட், ரத்தம் உறையும் நேரம், பிரஷர் எல்லாம் சரி. மயக்கம் வர லேசாக மருந்து, முதுகுப் பக்கம் மரத்துப் போக ஊசி. கிட்னியின் கீழ் முனையிலிருந்து இரண்டு துணுக்கு எடுத்தார்கள். பார்க்கக் கேட்டேன். வெளிறிய நூல் துண்டு மாதிரி, ஒரு விரற்கடை இருக்கும். இதற்காகவா இத்தனை நாள் தூங்காமல் கிடந்தேன்!

மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை போன சிறுநீரையும் தனித்தனிக் குவளையில், நேரம் எழுதி ஜன்னலில் வரிசையாக வைத்தோம். முதல் குவளை பால் விடாத டீ நிறம். என் கை சில்லிட்டது. கட்டியாக வரவில்லையே, பொறுங்கள் என்றார் நர்ஸ். இரண்டாவது கொஞ்சம் வெளிறியது. நாலாவது, இரவு ஒன்பதரைக்கு, வைக்கோல் நிறம். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஜனவரி 22, புதன். மேட்டுப்பாளையம்

ஸ்கேனில் கிட்னியைச் சுற்றி ரத்தம் சிறிதளவு கட்டியிருக்கிறதாம், தானாகக் கரையும் என்றார்கள். ஆனாலும் மலையேறச் சம்மதிக்கவில்லை. கோத்தகிரி ரோட்டில் வளைவுக்கு வளைவு பஸ் ஆட்டும். நடுராத்திரி ரத்தம் வந்தால் இறங்கி வர எவ்வளவு நேரம்? மலையில் இருக்கிறவர்கள் இதை முதலிலேயே கேட்டு வைக்க வேண்டும். ஒரு வாரம் அக்கா வீட்டில்.

ஜனவரி 30, வியாழன். கோத்தகிரி

ரிப்போர்ட் வந்தது. மினிமல் சேஞ்ச், அதாவது சாதாரண மைக்ராஸ்கோப்பில் கிட்னி ஏறக்குறைய இயல்பாகவே தெரிகிற வகை நோய். வடு இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்குகிற டாக்ரோலிமஸ் மருந்து தொடங்கியாயிற்று, காலை ஏழு, இரவு ஏழு. சோதனைக் குழாயில் இன்னும் வெள்ளைதான், நாளாகும் என்றார்கள். மணி ஏழடிக்கும் முன்பே அத்தை தண்ணீர் டம்ளரோடு தம்பி பக்கத்தில் நிற்கிறார்கள்.